தகட்டு எல்லைக்குத் தூரத்தில்

நான் சொல்லிக்கொடுத்த ஒரு வசனம் மருதனார்மடச் சந்தியில் இன்னமும் விலைபோகிறது. அது எனக்குத் தெரியவந்தது சென்ற ஆண்டு மாசி மாதத்தில். அடையாள அட்டையைப் போட்டோக் கொப்பி எடுக்கப் போயிருந்தேன். சந்தைக்கு வந்த சனம் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் ஓரமாக ஒதுங்கி, அங்கே அடுக்கியிருந்த நோட்ஸ் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கான பழைய ரியூசன் நோட்ஸ். ஒன்றின் மட்டையில் ‘புவியியல், இணுவில் ரீச்சர்’ என்று போட்டிருந்தது. இணுவிலில் அந்தக் காலத்தில் ரியூசனில் புவியியல் படிப்பித்த ரீச்சர் நான் ஒருத்திதான்.

கையெழுத்து என்னுடையது அல்ல. என்னிடம் படித்த யாரோ ஒரு பிள்ளையின் உருண்டையான, வடிவான எழுத்து. பிரதியிலிருந்து பிரதி எடுத்து, அதிலிருந்தும் பிரதி எடுத்து, எழுத்துகளின் கால்கள் தேய்ந்து போயிருந்தன. நான் நேரே தகடுகளைப் பற்றிய பாடத்தைத் தேடிப் புரட்டினேன். அதன் கடைசி வரி அப்படியே இருந்தது, அடிக்கோட்டோடு.

‘இலங்கை தகட்டு எல்லைகளிலிருந்து மிகத் தூரத்தில், தகட்டின் நடுப்பகுதியில் அமைந்துள்ளமையால், தகட்டு அசைவினால் உண்டாகும் அனர்த்தங்கள் எதுவும் இலங்கையைப் பாதிப்பதில்லை.’

கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, உந்தப் பக்கத்திலை ஒரு பிழை இருக்கு. உதை எடுத்துப்போட்டு வில்லுங்கோ.”

அவருக்கு நான் யாரென்று தெரியாது. “அம்மா, உது நல்ல ரீச்சர் ஒராளின்ரை நோட்ஸ். உதிலை பிழை இராது,” என்று சொல்லிவிட்டு இயந்திரத்தின் மூடியைத் தூக்கினார்.

அந்த ரீச்சர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. எரிச்சல் வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்துவேன். வெட்கம் வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். என்னில் எனக்கே பிடிக்காத குணம் இது. அடையாள அட்டைப் பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வசனம் எந்தப் புத்தகத்திலும் இருந்ததல்ல. அதை ஆக்கியவள் நான். எப்படி ஆக்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் ரியூசன் என்றால் நோட்ஸ். ரீச்சர் சொல்ல வேண்டும், பிள்ளைகள் எழுத வேண்டும், வீட்டுக்குப் போய் வரிக்கு வரி பாடமாக்க வேண்டும். அடுத்த ஆண்டு அந்தக் கொப்பி தங்கைக்குப் போகும், அதற்கடுத்த ஆண்டு மச்சாளுக்கு. இடம்பெயர்ந்து ஓடியபோது நகைப்பையோடு கொப்பிப்பையையும் தூக்கிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. என் நோட்ஸ் வட்டுக்கோட்டை வரைக்கும் போகிறது என்று யாராவது சொன்னால், அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன்.

சோதனைக் கேள்வி உலகத்தில் எங்கே தொடங்கினாலும் கடைசியில் இலங்கைக்கு வந்து நிற்கும் என்பது ரியூசன்காரர்களின் நம்பிக்கை. ஆகவே எந்தப் பாடத்துக்கும் முடிவில், இலங்கையைப் பற்றி நாலைந்து வரியில், ஓர் இலங்கைப் பந்தி வேண்டும். எரிமலைக்கும் வேண்டும், பனியாற்றுக்கும் வேண்டும். பனியாற்றுக்கு இலங்கைப் பந்தி எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தகடுகள் பாடத்தை நான் படிப்பித்தது சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தகரக் கொட்டிலில். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் தென்னமெரிக்காவின் தோளையும் ஆபிரிக்காவின் இடுப்பையும் காட்டி, இவை ஒருகாலம் ஒட்டியிருந்தவை என்று சொன்னேன். பூமியின் மேலோடு ஒரே துண்டல்ல, பல தகடுகளாக உடைந்திருக்கிறது என்றேன். நாம் நிற்கும் துண்டு தெற்கே எங்கேயோ இருந்து கழன்று, கடலைக் கடந்து வடக்கே போய் ஆசியாவோடு மோதியதால்தான் இமயமலை எழும்பியது, மோதல் இன்னும் முடியவில்லை, நாமும் அந்தத் துண்டோடு போய்க்கொண்டுதான் இருக்கிறோம் என்றேன். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“ரீச்சர், அப்ப எங்களுக்கும் பூமி நடுங்குமோ?” என்று ஒருத்தி கேட்டாள்.

அந்தக் கிழமைதான் பக்கத்து ஊரில் செல் குண்டு விழுந்து ஒரு வீடு முழுதும் போயிருந்தது. கேட்டவளின் முகம் இப்போதும் நினைவிருக்கிறது. இன்னொன்றையும் தாங்கச் சொல்லாதீர்கள் என்பதுபோல இருந்தாள்.

“இல்லைப் பிள்ளையள்,” என்றேன். “தகட்டின்ரை கரையிலை இருக்கிற சனத்துக்குத்தான் உந்தத் தொல்லை. நாங்கள் நடுவிலை இருக்கிறம். உந்த ஒண்டாவது எங்களுக்கு இல்லை.”

கொட்டில் முழுதும் சிரித்தது. எனக்கும் சந்தோசமாக இருந்தது. அந்த ஆண்டுகளில் பிள்ளைகளிடம் சொல்ல நல்ல செய்தி ஒன்றும் கிடைக்காது. கிடைத்ததை விடுவேனா? அதையே சோதனைத் தமிழில் மடித்து, இலங்கைப் பந்தியாகச் சொல்லிக்கொடுத்தேன். ‘எதுவும்’ என்ற சொல்லை நானாகத்தான் போட்டேன். அந்தச் சொல் அந்த இடத்தில் நன்றாக இருந்தது.

எழுதியவர்களில் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை இருந்தாள். வடமராட்சி கிழக்குக் கரையிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கையில் ஓர் அறை எடுத்து இருந்தவள். வேதக்காரப் பிள்ளை, தகப்பன் கடற்றொழிலாளி. மற்றவர்கள் அவளைக் கடற்கரைப் பிள்ளை என்றார்கள். அது எங்கள் பக்கத்தில் நல்ல விதமாகச் சொல்லும் சொல் அல்ல. நான் அதைக் கேட்டும் கேளாததுபோல இருந்தேன். இன்று சொன்ன நோட்ஸை நாளைக்கு ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். தகப்பன் ஒருநாள் கொட்டில் வாசலில் வந்து நின்று, “உவள் படிக்கிறாளோ ரீச்சர்?” என்று கேட்டார். நல்லாய்ப் படிக்கிறாள் என்றேன். அவர் உலகப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உதிலை எங்கடை கடல் எது?” என்றார். நான் பிரம்பின் நுனியால் காட்டினேன். இவ்வளவுதானா என்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனார்.

போர்நிறுத்தம் வந்ததும் அவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். அவள் மட்டும், மறுமுறை சோதனை எடுப்பதற்காக, யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கி, பஸ்ஸில் என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். 2004 மார்கழியில் நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக் கொண்டாட, வீட்டுக்குப் போனாள்.

நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, “கடல் ஊருக்குள்ளை வந்திட்டுதாம்,” என்றார். நான் சிரித்தேன். கடல் எப்படி ஊருக்குள் வருவது? அவர் வானொலியைச் சத்தமாக வைத்தார். பூமி நடுங்கியது இந்தோனேசியாவுக்கு அருகே என்று கேட்டதும், அப்படியென்றால் இங்கே வந்ததற்கு வேறு காரணம் இருக்கும் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். அன்று மத்தியானம் வரைக்கும் நான் என் நோட்ஸைத்தான் நம்பினேன்.

பின்னேரம் கோயில் மடத்தில் எங்கள் ஊர்ச் சனம் கூடிச் சோற்றுப் பார்சல் கட்டியது. நானும் கட்டினேன். மூன்று நாள் கட்டினேன். நாலாம் நாள், அந்தப் பிள்ளையின் தகப்பன் போய்விட்டார், தாயும் மகளும் தப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. ஊர் தூரம், பாதையும் ஒழுங்கில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் கடற்கரைச் சனத்தின் செத்தவீட்டுக்குப் போவது அரிது என்பதும் ஒரு காரணம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தை மாதம் வகுப்புத் தொடங்கியதும், “தகடுகள் பாடத்திலை கடைசி வரியை வெட்டுங்கோ,” என்றேன். பிள்ளைகள் அடிமட்டம் வைத்து நேராக வெட்டினார்கள். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. புதிய வரி ஒன்றைச் சொன்னேன், எழுதினார்கள். ஏற்கெனவே படித்து முடித்துப் போனவர்களின் கொப்பிகளில் அந்த வரி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பிள்ளை பிறகு வகுப்புக்கு வரவில்லை.

தகடுகளைப் பற்றி நான் ஒழுங்காகப் படித்தது அதற்குப் பிறகுதான். அதுவரை, அடியில் இருக்கும் சூடான பாறை கூழ்போலக் கொதித்து மேலே உள்ளதைத் தள்ளுகிறது என்று மூன்று வரியில் முடித்துக்கொண்டிருந்தேன். முழுப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அது கூழ் அல்ல, பாறைதான். பாறையாக இருந்துகொண்டே, ஒரு மனிதனின் ஆயுளில் கண்ணுக்குத் தெரியாத மெதுவில் அசைகிறது. பெரிய இழுவை தகட்டின் விளிம்பில் இருக்கிறது. கடலடியில் புதிதாக உண்டாகும் பாறை சூடாகவும் இலேசாகவும் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது ஆறும், ஆற ஆறப் பாரம் கூடும். பாரம் கூடிய விளிம்பு பக்கத்துத் தகட்டின் கீழே அமிழத் தொடங்கினால், பின்னால் உள்ளதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். கொடியில் ஈரச்சேலையைச் சரிபாதியாகப் போடாவிட்டால், நீளமாகத் தொங்கும் பக்கம் மற்றப் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு விழுமே, அப்படி.

இணுவிலும் அப்படி நகரும் ஒரு தகட்டின் மேல்தான் இருக்கிறது. ஏறக்குறைய விரல்நகம் வளரும் வேகம். கோயில், புகையிலைத் தோட்டம், என் கிணறு எல்லாம் அந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. விளிம்பு அமிழும் இடம் கிழக்கே, சுமாத்திராவை அண்டி. அங்கே அது வழுக்கிக்கொண்டு உள்ளே போவதில்லை. உரசி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பல தலைமுறைக் காலம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க, மேலே உள்ள தகட்டின் நுனி கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே போகும். மாரியில் ஊறிப்போன கதவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம். பிறகு ஒரு தள்ளலில் அது திடீரென்று திறந்து ஆளே உள்ளே போய் விழுகிறது. அப்படித்தான் அதுவும் ஒருநாள் விடுபடும். வளைந்திருந்த கடலடி நிமிரும். அதன் மேலே நிற்கும் கடல் அப்படியே தூக்கப்படும். தூக்கப்பட்ட தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

ஆக, நாங்கள் தகட்டின் நடுவில் இருக்கிறோம் என்று நான் சொன்னது சரி. எல்லை தூரத்தில் இருக்கிறது என்றதும் சரி. அந்தத் தூரம் முழுவதும் தண்ணீர் என்பதை நான் நினைக்கவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. தெரியாத ஒன்றைப் பிழையாகச் சொல்லியிருந்தால் மனம் ஆறிவிடும். எனக்குத் தெரியும். ஜப்பானைப் பற்றிய பந்தியில் பூமி நடுங்கிய பின் பேரலை எழும் என்று நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் கிணறு வெட்டிய கல்லில் சிப்பி பதிந்திருக்கிறது. இந்த நிலம் ஒருகாலம் கடலடியாக இருந்தது என்று அதே நோட்ஸில் வேறொரு பாடத்தில் அடிக்கோடு போடச் சொன்னவளும் நான்தான். ஆனாலும் இலங்கை என்று எழுதியபோது என் மனதில் வந்தது சிவப்பு மண்ணும் மிளகாய்ப் பாத்தியும் கிணறும். நாலு பக்கமும் கடல் இருக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்து பழகிய ஊர்க்காரி நான். நான் எழுதிய இலங்கையில் கடற்கரை இருக்கவில்லை. கடற்கரையில் சனம் இருக்கவில்லை.

போட்டோக் கொப்பிக் கடையில் அந்த நோட்ஸைக் கண்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை வீட்டுப் படலையில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பை, கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி.

“ரீச்சர், என்னைத் தெரியுதோ?”

தெரியவில்லை. தகப்பன் கடலைக் கேட்டதை அவள் நினைவுபடுத்தினாள். அதோடு தெரிந்தது. உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன். தன் ஊருக்கு அருகே தபாற்கந்தோர் ஒன்றில் வேலை, தாய் தன்னோடுதான் இருக்கிறா, மகளுக்கு உயர்தரம், மகளுக்காக நோட்ஸ் தேடித்தான் மருதனார்மடம் வந்ததாகச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள், தகடுகள் பாடத்தின் கடைசிப் பக்கம். அதைக் கண்டதும் எதற்காக வந்தாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

“இதைப் பார்த்துச் சொல்லுங்கோ ரீச்சர். இந்தக் கடைசி வரி நீங்கள் சொன்னதோ, இல்லாட்டி எழுதின பிள்ளை தானாச் சேர்த்து எழுதினதோ?”

நான் ஏன் கேட்கிறாய் என்றேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

“அண்டைக்குக் காலமை வானொலியிலை இந்தோனேசியாப் பக்கம் பூமி நடுங்கினது எண்டு சொன்னவங்கள். கொஞ்சத்தாலை வீட்டு முத்தத்துக்குத் தண்ணி வந்தது, முழங்கால் மட்டுக்கு. வந்து போட்டுது. பிறகு கடல் தூரத்துக்கு வத்தினது. சனம் கொஞ்சப் பேர் ஓடிச்சுதுகள். அப்பா என்னைக் கேட்டவர், உது பெரிசா வருமோ எண்டு. நான் சொன்னனான், வராதப்பா, நாங்கள் தகட்டுக்கு நடுவிலை இருக்கிறம், எங்களைப் பாதிக்காது எண்டு. அப்பா கரைக்குப் போனவர். அம்மாவும் நானும் பனங்கூடலுக்குள்ளை ஓடித் தப்பினம்.”

தாளை என் கையிலிருந்து திரும்ப வாங்கினாள்.

“இருபது வருசமா நான் நினைச்சுக்கொண்டிருக்கிறது, நான்தான் பிழையாப் பாடமாக்கிப் போட்டன் எண்டு. ரீச்சர் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா, நான் ஏதோ ஒரு வரியை விட்டிட்டன் எண்டு. கொப்பி கடலோடை போட்டுது. எடுத்துப் பார்க்க வழியில்லை. இப்ப இதைக் கண்டனான்.”

கையெழுத்து என்னுடையது அல்ல. எழுதிய பிள்ளையின் பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள், தன்னைத் தானே நோகிற பழைய வழக்கத்தோடு. அந்தப் பொய் நாக்கின் நுனியில் வந்து நின்றது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று குசினிக்குள் போனேன். தண்ணீர் கொதித்து வற்றும் மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறுபது வயதை நெருங்கும் ஒருத்தி தன் பெயர் கெடக்கூடாது என்று குசினிக்குள் ஒளித்து நிற்பதை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்து சொன்னேன்.

“நான்தான் சொன்னனான். ஒரு புத்தகத்திலையும் அப்பிடி இல்லை. நானாச் சேர்த்தது. நீ ஒரு சொல்லும் பிழையாப் பாடமாக்கேல்லை.”

அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. தாளை நாலாக மடித்தாள்.

“அப்ப நீங்கள் வந்து அம்மாவுக்கு அதைச் சொல்லுங்கோ,” என்றாள். “அம்மா என்னோடை எல்லாம் கதைப்பா. அதை மட்டும் கதைக்கிறேல்லை. அப்பாவின்ரை கதை வந்தா எழும்பி வெளியிலை போயிடுவா. நான் சொல்லித்தான் அப்பா போனவர் எண்டு அவவுக்குத் தெரியும். அவ எனக்கு முன்னாலை அவரின்ரை பேரை எடுத்து இருபது வருசமாச்சு. நீங்கள் வந்து சொன்னாலாவது என்னை மன்னிப்பா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கொடிகாமத்தில் பஸ் மாறி, பனையும் வெள்ளை மணலுமாக வெறிச்சோடிய வீதியால் போகும்போது, என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் நோட்ஸ்தான். பஸ் தரிப்பில் அவள் காத்துக்கொண்டு நின்றாள். வீடு கரையிலிருந்து உள்ளே தள்ளி, பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

தாய் பூசை கண்டுவிட்டு வந்த சேலையோடு இருந்தார். மெலிந்த, நேராக நிமிர்ந்த மனுசி. சுவரில் இயேசுவின் படமும் பக்கத்தில் கணவரின் படமும். மகள் என்னை இன்னார் என்று சொல்லிவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றாள். நான் போட்ட இலக்கங்கள் எல்லாம் மறந்து போயின.

“அக்கா, உங்கடை மகள் அண்டைக்குச் சொன்னது அவவின்ரை கதை இல்லை. நான் சொல்லிக் குடுத்ததைத்தான் அவ சொன்னவ. பிழை என்ரை. அவவை நோகாதேங்கோ.”

அவர் எதிரே கிடந்த கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார்.

“ஏன் அப்பிடிச் சொல்லிக் குடுத்தனீங்கள்?”

“பிள்ளையள் பயந்துபோய் இருந்ததுகள். அதுகளுக்கு ஆறுதலா இருக்கட்டும் எண்டு. நான் நிலத்தைத்தான் நினைச்சனான், கடலை நினைக்கேல்லை.”

“சுத்திவரக் கடல்தானே,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

“இனியும் வருமோ?”

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வசனம் வைத்திருந்தவள் நான். “வரும்,” என்றேன். “எப்ப எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. நாளைக்கும் வரலாம், எங்கடை காலத்திலை வராமலும் விடலாம். அங்காலை அந்தத் தகடு அமிழுறது நிக்காது. கடல் வத்தினா, இல்லாட்டி ஒருக்கா தண்ணி வந்து திரும்பினா, பிறகு கரைக்குப் போகக் கூடாது. ஒண்டையும் எடுக்கப் போகக் கூடாது.”

ஒண்டையும் எடுக்க என்றதும் அவருடைய கை சேலைத் தலைப்பைப் பிடித்தது. எழும்பி வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வாசலை விட்டு ஒதுங்கி வழி விட்டாள். அவர் எழும்பவில்லை.

“அவர் கிணத்தடிக்கு வந்து, போகமாட்டன் எண்டுதான் நிண்டவர்,” என்றார். “அனுப்பினது நான். வலை கரையிலை கிடக்குது, திரும்பத் தண்ணி வந்தா இழுத்துக்கொண்டு போயிடும், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு நான்தான் சொன்னனான். தண்ணி வராது எண்டு பிள்ளை சொன்னவள், பிறகேன் நிக்கிறியள் எண்டு கேட்டனான். படிச்ச பிள்ளை, அவள் சொன்னா நான் நம்புவன்.”

மகள் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“அவளுக்கு முன்னாலை அவரின்ரை பேரை எடுத்தா இதைச் சொல்லவேண்டி வரும்,” என்று தாய் என்னைப் பார்த்தே சொன்னார். “சொன்னா, நான் அனுப்பினதுக்கு அவளிலை பழி போடுற மாதிரி இருக்கும். அதுதான் எழும்பிப் போறனான்.”

ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் இருபது ஆண்டு, ஆளுக்கொரு பக்கமாக, தான்தான் கொன்றேன் என்று வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் சொன்ன ஒரு வரி மகளின் வாயால் போய், தாயின் வாயால் போய், கடைசியில் அந்த மனிதனைக் கரைக்கு அனுப்பியிருக்கிறது. என் தலையில் பழியைப் போட்டுக்கொள்ள வந்த எனக்கு அங்கே அதற்குக்கூட இடமிருக்கவில்லை.

தாய் முதன்முறையாக மகளின் பக்கம் திரும்பினார்.

“நான் கிணத்தடியிலை நிண்டனான், எனக்கு வடிவாக் கேக்கேல்லை. அப்பா கடைசியா உன்னட்டை என்ன கேட்டவர்?”

மகள் சுவரில் இருந்த தகப்பனின் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“‘உனக்கு வடிவாத் தெரியுமோ பிள்ளை’ எண்டு கேட்டவர்.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஓம் எண்டனான்.”

தாய் கையை நீட்டினார். மகள் வந்து நிலத்தில், அவருடைய காலடியில் இருந்தாள். வடிவாகத் தெரியும், சந்தேகமே இல்லை என்று சொல்ல அவளைப் பழக்கிய நான் அந்தக் கதிரையில்தான் இருந்தேன். இரண்டு பேரும் என் பக்கம் பார்க்கவில்லை.